முடிவிலி பெரிய எண் அல்ல

மெய்யெண்கள் பாடம் நடத்தும்போது, "இருக்கிறதிலேயே பெரிய எண் எது சார்?" என்று யாராவது கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும்: "முடிவிலி!" நான் மறுக்க மாட்டேன். "சரி, அதோட ஒன்றைக் கூட்டு" என்பேன். "அப்பவும் முடிவிலிதான் சார்." "கூட்டியும் கூடாதது என்ன எண்ணப்பா?" வகுப்பு யோசிக்கத் தொடங்கும்.

இந்த இடத்தில் கோடி, கோடானுகோடி என்று மேலே ஏறினால் பயனில்லை. எண்ணத் தெரிவதற்கும் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். பந்தியில் இலைக்கு ஒருவர் உட்கார்ந்து, இலையும் மிஞ்சவில்லை, ஆளும் நிற்கவில்லை என்றால், எண்ணிப் பார்க்காமலே இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாம். ஜோடி சேர்ப்பதுதான் எண்ணுக்கு அடிப்படை.

பிறகு கரும்பலகையில் 1, 2, 3, 4 என்று எழுதி, அவற்றுக்கு நேர் கீழே 1, 4, 9, 16 என்று அவற்றின் வர்க்கங்களை எழுதுவேன். எந்த எண்ணுக்கும் வர்க்கம் உண்டு. ஆகவே மேலேயும் கீழேயும் எதுவும் மிஞ்சாது. ஆனால் 2, 3, 5 எல்லாம் கீழ் வரிசையில் இல்லையே! 1638இல் வெளியான நூலில் கலிலியோ இதே புதிரை எழுப்பி, முடிவில்லாதவற்றில் பெரிது, சிறிது, சமம் என்ற பேச்சே பொருந்தாது என்று முடித்துக்கொண்டார். ஜெர்மனியின் கணித அறிஞர் கேன்டர் அப்படி விடவில்லை. ஜோடி சேர்ந்தால் சமம்தான் என்று துணிந்தார்.

"அப்போ எல்லா முடிவிலியும் ஒரே அளவா சார்?" இல்லை. 1891இல் கேன்டர் தந்த நிரூபணத்தை ஒரு பீரியடில் நடத்திவிடலாம். 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எல்லாத் தசம எண்களையும் 1, 2, 3 என்ற இயல் எண்களோடு ஜோடி சேர்த்து வரிசைப்படுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம்:

0.5172…
0.3308…
0.9941…

முதல் எண்ணில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது, மூன்றாவதில் மூன்றாவது என்று மூலைவிட்டமாக எடுத்தால் 5, 3, 4. இலக்கம் 5 என்றால் 6 போடு, மற்றதற்கெல்லாம் 5 போடு. 0.655… என்று ஒரு புது எண் கிடைக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணோடும் இது ஓர் இலக்கத்திலாவது வேறுபடும். ஆகவே இது பட்டியலில் இருக்க முடியாது.

"அதையும் சேர்த்துடலாமே சார்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். சேர்த்துக்கொள், அந்தப் புதுப் பட்டியலிலும் இதே வழியில் இன்னொன்று விடுபடும். இயல் எண்களோடு ஜோடி சேர்த்தால் மெய்யெண்கள் மிஞ்சத்தான் செய்யும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சின்ன வகுப்பில் முடிவிலியை "ரொம்பப் பெரிய எண்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொடுத்து, எண்ணாமல் ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.