கச்சான் காற்றும் மண் தொடாத செடியும்

பதுளைத் தோட்டங்களின் பழைய சவுக்கு மரமொன்றின் பட்டையில் பாசி, பன்னம், ஓர்கிட் என்று மண்ணில் கால் வைக்காத செடிகள் பல குடியிருக்கும். தேயிலை மலையில் சவுக்கு என்றால் ஆஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவரப்பட்ட கிரவேலியா; கடற்கரைச் சவுக்கு வேறு. மரத்தின் மேல் வாழும் இச்செடிகளுக்கு மேலொட்டி என்று பெயர்.

குருவிச்சையோடு சேர்த்து இவற்றுக்கும் பழி வருவது நியாயமில்லை. குருவிச்சை மரத்துக்குள் வேரை இறக்கி நீரையும் உப்பையும் உறிஞ்சும். மேலொட்டிக்கு மரத்திடம் வேண்டியது இடம் மட்டுமே. மழையும் பனியும் தூசியும் சருகும் அதற்குச் சோறு போடுகின்றன. கவ்வாத்து வெட்டியபின் தேயிலைத் தண்டிலிருந்து பாசியைச் சுரண்டி எடுப்பதற்குக் காரணம், துளிர் வரவேண்டிய இடங்களை அது மூடிக்கொள்வதுதான்.

ஓர்கிட் வேரின் வெளிப்புறம் இறந்த உயிரணுக்களால் ஆன பஞ்சுப் போர்வை. காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்து வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் போர்வை நனைந்து, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். செடிக்குத் தாகமா இல்லையா என்பதை வேரின் நிறமே சொல்லிவிடும். இதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை.

பதுளை அடங்கிய ஊவாவில் இந்தத் தாகத்துக்குத் தனிக் காலம் உண்டு. தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று, சூடேறி வறண்ட கச்சானாக ஊவாவின் மீது வீசுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவதும் இந்த வறட்சியால்தான். கொழுந்துக்கு வாசனை தரும் அதே காற்றை மரத்தின் மேலுள்ள ஓர்கிட் தடித்த இலையில் சேமித்த நீரைக் கொண்டு கடக்கிறது. இத்தகைய செடிகள் பல பகலில் இலைத்துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து மூச்சு விடுகின்றன.

கடைகளில் காற்றுச்செடி என்று விற்கப்படும் டில்லாண்ட்சியா இலங்கைச் செடியன்று. அமெரிக்கக் கண்டங்களின் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த எலியாஸ் டில்லண்ட்ஸ் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு இட்டவர் தாவரவியலாளர் லின்னேயஸ். டில்லண்ட்ஸ் மாணவராக இருந்தபோது கப்பலில் குமட்டல் தாங்காமல், திரும்பும் பயணத்தில் கடலைத் தவிர்த்து, இடையில் இருந்த வளைகுடாவைச் சுற்றி ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் தரைவழியே போனார் என்று சொல்லப்படுகிறது. இந்தச் செடிக்கும் நீர் ஆகாது என்று லின்னேயஸ் எண்ணினார். அந்த எண்ணம் இன்னும் சாகவில்லை. தண்ணீரே வேண்டாம் என்று நம்பி வீட்டில் வைக்கப்படும் டில்லாண்ட்சியா மெல்ல மெல்லக் காய்ந்து மடிகிறது.

அதற்கு வேர், பிடித்துக்கொள்ள மட்டும். நீரைக் குடிப்பவை இலைமேலுள்ள நுண்செதில்கள். வாரம் ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் மழைநீரில் அமிழ்த்தி, தலைகீழாகப் பிடித்து உதறி, நாலு மணி நேரத்துக்குள் உலரும்படி காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். நடுவில் நீர் தேங்கினால் குருத்து அழுகும். இரவில் மூச்சு விடும் செடியாதலால் காலையில் நனைப்பதே நல்லது. கச்சான் வீசும் மாதங்களில் இடையிடையே நீர் தெளிப்பதும் தேவை. ஒக்டோபருக்குப் பின் மழை தொடரும் நாட்களில், வெளியே தொங்கும் செடியை இஸ்தோப்புக் கூரைக்குள் நகர்த்துவது பாதுகாப்பு. செப்புக் கம்பியால் கட்டக் கூடாது. செம்பு இதற்கு நஞ்சு.

காட்டு ஓர்கிட்டை மரத்திலிருந்து பிய்த்து வருவதில் பயனில்லை. பிய்க்கும்போது அறுபடும் வேர் மறுபடி ஒட்டாது. மேலும், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சில ஓர்கிட் இனங்களைப் பாதுகாக்கிறது. தோட்டத்துக்குள் காற்றில் முறிந்து விழுந்த கிளையில் செடி இருந்தால், கிளைத் துண்டோடு சேர்த்து வேறொரு மரத்தின் நிழல் பக்கத்தில் தும்புக் கயிற்றால் கட்டலாம். புதுவேர் பட்டையைப் பற்றிய பிறகு கயிற்றை அறுத்துவிடலாம்.