கேலிக்கு உரிமை யாருக்கு

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1989 முதல் 1998 வரை வந்த நகைச்சுவைத் தொடர் ‘சைன்ஃபெல்ட்’. அதில் 1997 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘யாடா யாடா’ பகுதி, யாரை யார் கேலி செய்யலாம் என்ற வழக்கைக் கையில் எடுக்கிறது. நாயகன் ஜெர்ரி மேடை நகைச்சுவைக் கலைஞர், யூதர். அவருடைய பல் மருத்துவர் டிம் வாட்லி யூத மதத்துக்கு மாறிய கையோடு யூதர்களைக் கிண்டலடிக்கத் தொடங்குகிறார். துணுக்குகளுக்காகவே மதம் மாறிவிட்டார் என்று ஜெர்ரிக்குச் சந்தேகம். அவரை உறுத்துவது மதம் அல்ல, தொழில். வாட்லியைப் பற்றி ஒரு பாதிரியாரிடம் முறையிடப் போன இடத்தில் பல் மருத்துவர்களைப் பற்றி ஒரு துணுக்கை எடுத்துவிட, பல் மருத்துவர்களின் பகைவர் என்ற பட்டம் ஜெர்ரியின் தலையிலேயே விழுகிறது.

பாப்பிரெட்டிப்பட்டியில் இந்த வழக்கு எழாது. தர்மபுரிப் பக்கத்தில் கேலி முறை பார்த்து நடக்கும். மாமன் மச்சான் எவ்வளவும் ஓட்டலாம். கொழுந்தியா இன்னும் ஒரு படி மேலே போகலாம். அதையே பங்காளி சொன்னால் பஞ்சாயத்து. முறை இல்லாதவர்களுக்கும் சேர்த்துப் பேசத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் உண்டு. ராஜாவின் காவலாளாக வந்து ராஜாவையே நக்கலடிப்பான். பாரதக் கதையிலிருந்து நழுவி உள்ளூர் வம்புக்கு வந்துவிடுவான்.

ஆனால் முறை பெரும்பாலும் சாதி எல்லையோடு நின்றுவிடும். அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர் கேலியை வாங்கிக்கொள்ளத்தான் முடியும், திருப்பிக் கொடுக்க முடியாது. உருவத்தையும் பிறப்பையும் பற்றிய ஒரு சொல்லுக்கு அமெரிக்க அலுவலகத்தில் விசாரணை வரலாம். ஊர்க்காரர்களுக்கு அந்த அலுவலகம் உப்புச்சப்பற்ற இடமாகத் தெரியலாம். ஊரில் திருப்பிப் பேச முடியாதிருந்தவருக்கு அப்படித் தெரியாது.

இதே அளவுகோலால் இப்போது கவுண்டமணி, செந்தில் நகைச்சுவையையும் உருவக்கேலி என்று ஒதுக்குகிறார்கள். பல படங்களுக்கு அது பொருந்தும். சைன்ஃபெல்ட் தொடங்கிய அதே 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சிக்குப் பொருந்தாது. இரண்டு பழம் வாங்கப் போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சமிருப்பதையே அந்த இன்னொரு பழம் என்று சாதிக்கிறார். அடி கவுண்டமணியுடையது, வாதத்தில் வெற்றி செந்திலுடையது. 1994இல் வந்த சைன்ஃபெல்டின் ‘தி சூப்’ பகுதியிலும் கணக்குச் சண்டைதான். சக கலைஞர் பானியா ஒரு சூட்டைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஜெர்ரியிடம் சாப்பாடு கேட்கிறார். சூப் சாப்பாட்டில் சேருமா என்று இழுபறி. அந்த பானியாவை ஜெர்ரி கடைசிவரை நண்பராகச் சேர்த்துக்கொள்வதில்லை. கரகாட்டக்காரனில் கவுண்டமணியும் செந்திலும் ஒரே குழு, தள்ளுவது ஒரே பழைய கார். அதை முன்பு வைத்திருந்தவரைப் பற்றி விசாரித்து செந்தில் அங்கேயும் அடி வாங்குகிறார்.