ஒரே பெயர், வேறு வேறு பெண்கள்



வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தால் பெயர் தேடி நாம் அதிக தூரம் போவதில்லை. மௌத்தாகிப்போன மூத்தம்மாவின் பெயர் இருக்கிறது, பெரியம்மாவின் பெயர் இருக்கிறது. "அவ பேரையே வைங்க, அவ குணம் வரட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரே பெயர் மூன்று பெண்களுக்கு வந்தது. உம்மாவின் உம்மாவுக்கு, பிறகு என் ராத்தாவுக்கு, இப்போது என் தம்பி மகளுக்கு. அந்தப் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. உங்கள் வீட்டிலும் அதே பெயர் இருக்கக்கூடும்!

பெயரைக் கொடுப்பது சுலபம். அதைச் சுமப்பவளின் பாடு எப்படி என்று நாம் கேட்டிருக்கிறோமா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு சித்திரக்கதையிலிருந்து வந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

முகமூடி போட்ட மாவீரர்கள்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் சிவகாசியில் அச்சான காமிக்ஸ் புத்தகங்கள் கடல் கடந்து வரும். 1972 இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ்தான் அவற்றில் பெரிய பெயர். நானாமார் காசு சேர்த்து வாங்குவார்கள். அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு நாங்கள் எடுத்து வாசிப்போம். அதில் வேதாளர் என்றொரு வீரர். 1936 இல் லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் படைத்த பாத்திரம். காட்டு மக்கள் அவரைச் சாகாவரம் பெற்றவர் என்று நம்புவார்கள். உண்மையில் தகப்பன் இறந்ததும் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறான். இப்படி இருபத்தொரு தலைமுறை! ஒரு கதையில், அண்ணனால் இயலாமல் போனபோது சகோதரி ஜூலி அந்த உடையைப் போட்டுக்கொண்டு வருகிறாள். அண்ணன் எழும்பியதும் உடையும் அவனிடமே போய்விடும். பெண்ணுக்குக் கிடைத்தது இரவல் பெயர்தான்.

பிறகு 1984 இல் லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே மாடஸ்டி என்ற பெண் நாயகி வந்தாள். ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பெயரைக் கைமாற்றிக் கொடுக்கும் கதையை நான் வாசித்தது இந்த வயதில்தான். தம்பி மகள் தன் கைத்தொலைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். "மாமி, இந்தப் பேரை எத்தனை பேர் போட்டிருக்கிறாங்க, பாருங்க" என்றாள்.

வௌவால் பெண்

அந்தப் பெயர் பேட்கேர்ள். வௌவால் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டி.சி. காமிக்ஸ் வெளியிடும் கதை. 1961 இல் பெட்டி கேன் என்ற சிறுமி முதலில் அந்தப் பெயரில் வந்தாள். அவள் அதிக காலம் நிலைக்கவில்லை. 1967 இல் வந்த பார்பரா கோர்டன்தான் பெயரை நிலைநாட்டியவள். பொலிஸ் கமிஷனரின் மகள். பகலில் அவள் பார்க்கும் உத்தியோகம் என்ன தெரியுமா? நூலகர்! 1981 இல் தன் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர்க்காரி நான். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலானதாகச் சொல்வார்கள். நூலகம் ஒன்றைக் காக்கும் பெண்ணுக்கு வீரப் பட்டம் கொடுத்த கதை என்றதும் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

1988 இல் வந்த ஒரு கதையில் ஜோக்கர் என்ற கொடியவன் பார்பராவைச் சுடுகிறான். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடுகிறது. கதாநாயகர்களுக்குக் கோபம் வருவதற்காகவே அவளைச் சுட்டதுபோல இருந்தது அந்தக் கதை. இதைப் பொறுக்காத கிம் யேல் என்ற பெண் எழுத்தாளரும் அவருடைய கணவர் ஜோன் ஒஸ்ட்ராண்டரும் அடுத்த ஆண்டே பார்பராவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி, கணினி முன்னால், எல்லா வீரர்களுக்கும் தகவல் சொல்லி வழிநடத்துபவளாக! 'ஒராக்கிள்' என்பது அவளுடைய புதிய பெயர். போரில் காலிழந்த பெண்கள் வாழும் நம் வடபுலத்தில், இதைக் கதைதானே என்று தள்ளிவிட முடியுமா?

பழைய பெயர் அப்போது ஆளில்லாமல் கிடந்தது. 1999 இல் ஹெலினா என்பவள் அதை எடுத்துக்கொண்டாள். பேட்மேன் எதிர்பார்த்ததுபோல நடக்க அவளால் முடியவில்லை. உடையைக் கழற்றிவிட்டாள். அதே ஆண்டு கசாண்ட்ரா கெய்ன் வந்தாள். கொலைகாரத் தகப்பன் அவளைப் பேச்சே காதில் விழாமல் வளர்த்திருந்தான். அவளுக்குப் பேச வராது, வாசிக்க வராது. எதிரே நிற்பவரின் உடல் அசைவைப் பார்த்தே மனதில் உள்ளதை அறிந்துகொள்வாள். எழுத்துக்குள்ளேயே வாழ்ந்த ஒரு நூலகரின் பெயர், எழுத்தே தெரியாத பெண்ணிடம் போகிறது! கொடுக்கச் சம்மதித்தவளும் அந்த நூலகரேதான்.

2009 இல் அது ஸ்டெஃபனி பிரவுனிடம் வந்தது. குற்றவாளி ஒருவனின் மகள், வாயாடி, எதிலும் சறுக்கி விழுந்து எழும்புகிறவள். "உனக்கு இது சரிவராது" என்று முதலில் தடுத்த பார்பராவே பிறகு அவளுக்கு வழிகாட்டியானாள். 2011 இல் பார்பராவை நடக்கவைத்துப் பழைய உடையை அவளிடமே திருப்பிக் கொடுத்தது அந்த நிறுவனம். நாற்காலியில் இருந்தபடி ஆட்சி செய்த ஒராக்கிளை இழந்துவிட்டோமே என்று மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் வருந்தினார்கள். 2021 இல் கசாண்ட்ராவும் ஸ்டெஃபனியும் ஒரே நேரத்தில் அந்தப் பெயரைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே வீட்டில் வாழும் கதைத்தொடர் வந்தது.

இத்தனை பேரில் ஒருத்தியாவது மற்றவளைப்போல இருந்தாளா? இல்லை. ஆனாலும் பெயர் கெட்டுப்போகவில்லை.

ஒரு சொல் முகமூடியைப் பற்றி

சகோதரிகளே, இந்தக் கதைகளை நான் புகழ்கிறேன் என்பதற்காக, முகத்தை மறைத்துக்கொண்டு தானே நீதி வழங்குவதைச் சரியென்று சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். எங்கள் மண்ணில் முகமூடிக்கு வேறு அர்த்தம் உண்டு. சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவர் முன்னால் நடத்திச் செல்வார்கள். அவர் தலையாட்டினால் அந்தப் பிள்ளை வீடு திரும்பமாட்டான். தலையாட்டி என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கிய உம்மாமார் எத்தனை பேர்! 2011 இல் கிரீஸ் பூதம் என்ற பீதி நாடெங்கும் பரவியபோதும் இரவில் கதவைத் திறக்கப் பயந்தவர்கள் பெண்கள்தான். யார் செய்தது என்று தெரியாத செயலுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அதனால் முகமூடியை விட்டுவிடுவோம். பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கமலா கானின் கதை

நம் வீட்டுப் பிள்ளைபோல ஒருத்தியும் இந்த வரிசையில் இருக்கிறாள். மார்வல் நிறுவனத்தின் 'மிஸ் மார்வல்' என்ற பெயர் 1977 இலிருந்து கரோல் டான்வர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு உரியது. இடையில் வேறு சிலரும் அதைச் சுமந்தார்கள். 2012 இல் கரோல் வேறு பட்டத்துக்குப் போனாள். 2014 இல் அந்தப் பெயர் கமலா கானுக்கு வந்தது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன். பதிப்பாசிரியர் சனா அமானத். முதல் தொகுப்புக்கு 2015 இல் ஹியூகோ விருது கிடைத்தது.

கமலாவுக்குச் சக்தி கிடைத்ததும் அவள் முதலில் என்ன செய்கிறாள் தெரியுமா? கரோலைப்போலவே மாறிவிடுகிறாள். பொன்னிறக் கூந்தல், வெள்ளைத் தோல், அதே உடை! அந்த உருவத்தில் ஒரு பெண்ணை நீரிலிருந்து காப்பாற்றவும் செய்கிறாள். அப்போது அவள் நினைவில் வருவது, ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையைப் பற்றி வாப்பா சொல்லித்தந்த திருமறை வசனம். ஆனால் அந்த உடை அவளுக்கு உறுத்துகிறது, தலைமுடி கண்ணை மறைக்கிறது. கடைசியில் தன் சொந்த உருவத்துக்கே திரும்பி, வீட்டில் இருந்த புர்கினி நீச்சலுடையை வெட்டித் தைத்துத் தனக்கென்று ஓர் உடை செய்துகொள்கிறாள். பெயர் பழையது, உடம்பு அவளுடையது.

2022 இல் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் கமலாவுக்குச் சக்தி தருவது மூதாட்டியிடமிருந்து வந்த ஒரு காப்பு. 1947 பிரிவினையின்போது ரயிலேறத் தவித்த கூட்டத்தின் நடுவே அந்தக் குடும்பத்தின் கதை நடக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போ என்ற சொல்லைக் கேட்ட எங்களுக்கு அதைப் பார்க்கக் கண் நிறைந்தது.

எங்கள் வீட்டு மூன்று பேர்

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரையும், ஏறக்குறைய 75,000 பேரை, வெளியேற்றினார்கள். கையில் எடுக்க முடிந்ததோடு புத்தளம் போனோம். மூத்தம்மாவின் சிங்கர் தையல் மெஷின் சோனகத் தெரு வீட்டிலேயே நின்றுவிட்டது. இளம் வயதில் கணவரை இழந்து, அந்த மெஷினை மிதித்தே நாலு பிள்ளைகளை வளர்த்தவர் மூத்தம்மா. மெஷின் பழுதானால் தானே கழற்றி, எண்ணெய் விட்டு, பூட்டிவிடுவார்.

அவர் பெயரைக் கொண்ட என் ராத்தாவுக்கு ஒரு பொத்தான் தைக்கவும் வராது! "பேரைப் பார், கையைப் பார்" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த ராத்தாதான் அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து அ, ஆ எழுதக் கற்பித்தார். பலகை இல்லை, மணலில் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியைகள். ராத்தா மௌத்தான பிறகு பிறந்த தம்பி மகளுக்கு அந்தப் பெயரே வந்தது. பிறகு நாங்கள் ஊர் திரும்பினோம்.

"உன் பெரிய மாமி எப்படிப்பட்டவ! நீயும் டீச்சராக வேணும்" என்று கேட்டே வளர்ந்தவள் இந்தப் பிள்ளை. அவளுக்கோ பழுதான கைத்தொலைபேசிகளைத் திறந்து பார்ப்பதில்தான் விருப்பம். ஒழுங்கையில் யாருடைய தொலைபேசி செத்தாலும் இவளிடம்தான் வரும். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று, "பெயரைக் கெடுத்துவிட்டாய்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. "அந்தப் பேரில என்னைக் கூப்பிடாதீங்க மாமி" என்றாள். பதினாறு வயதில் தன் பெயரையே கேட்கப் பொறுக்காத பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நாட்களில்தான் அவள் பேட்கேர்ள் கதைகளைத் தேடித் தேடி வாசித்தாள். எனக்குக் காட்டியதும் அப்போதுதான்.

நான் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. மூத்தம்மாவின் தையல் மெஷினைப் பற்றிச் சொன்னேன். திருகாணிகளை ஒரு பீங்கான் தட்டில் வரிசையாக வைத்து, எது எங்கே என்று மறக்காமல் பூட்டுவாரே, அதைச் சொன்னேன். ராத்தாவுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவங்களையும் ஏசினாங்களா?" என்று கேட்டாள். "நல்லா ஏசினாங்க" என்றேன். நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டேன்.

நம் வீட்டுப் பெரியவர்களை நாம் நினைவில் வைப்பது அவர்கள் முடித்துவைத்த வேலைகளால்தான். அவர்களுக்கு வராததையும், அவர்கள் வாங்கிய ஏச்சையும் மறைத்துவிடுகிறோம். பிறகு அந்த மாசில்லாத உருவத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றி, தூக்கு என்கிறோம். மூத்தம்மாவின் பெயரை ராத்தா காப்பாற்றியது தையலால் அல்லவே! தன் முன்னால் வந்த கஷ்டத்தைத் தன்னிடம் இருந்ததைக் கொண்டு சமாளித்ததால்தான் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தியது.

தொழில்நுட்பக் கல்லூரிக்கான விண்ணப்பப் படிவத்தைப் பிள்ளை நிரப்பி வைத்திருக்கிறாள். தம்பி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. "ஆண்பிள்ளைகள் படிக்கிற படிப்பு" என்கிறான். மூத்தம்மாவின் கையில் திருப்புளி இருந்ததை அவனும் பார்த்தவன்தானே என்று நான் தினமும் நினைவூட்டுகிறேன். இன்ஷா அல்லாஹ், கடைசி நாளுக்கு முன் வைப்பான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரின் பெயரைச் சுமக்கும் பெண்பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அந்த மூத்தவருக்கு எது வரவில்லை, எதற்கு அழுதார், யாரிடம் ஏச்சு வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் அவளுக்குக் கொஞ்சம் இலேசாகட்டும்.