ஒரு டப்பாவுக்காக எத்தனை தூரம்?



பயணம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் எண்ணிப் பழகியிருக்கிறோம். திருமணத்துக்குப் போவோம், மய்யித்துக்குப் போவோம், மருத்துவத்துக்கும் வியாபாரத்துக்கும் போவோம். அல்லாஹ் வசதியைக் கொடுத்தால் உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போவோம். ஆனால், காட்டுக்குள் யாரோ மறைத்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி, விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, மணலியில் எங்கள் வீட்டில் முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. சிரித்து ஓய்ந்தபின் யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த யோசனையையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அந்தப் பொழுதுபோக்கின் பெயர் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும். கையிலுள்ள கருவி தான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கியதும், 100 மீட்டர் அளவுக்கு இருந்த பிழை ஒரே இரவில் 10, 20 மீட்டராகச் சுருங்கியது. மே 3ஆம் நாள், ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரத்தில் வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களுக்குள் வேறிருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகெங்கும் இத்தகைய டப்பாக்கள் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. கண்டவர் உள்ளிருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே மறுபடியும் வைத்துவிட வேண்டும். ஏதேனும் ஒரு சிறு பொருளை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

இதற்காக மனிதர்கள் போகும் தூரத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கிறது. இன்றும் இடம் மாறாமல் இருப்பவற்றுள் மிகப் பழையது கான்சாஸ் மாநிலத்தின் மிங்கோ என்னுமிடத்தில் 2000 மே 11 அன்று வைக்கப்பட்டது. அதன் சீட்டில் பெயர் எழுதுவதற்கென்றே நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான மைல் வண்டியோட்டி வருகிறவர்கள் உண்டு. 2001இல் ஒரு திரைப்பட விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட பெட்டிகளுள் ஒன்று பிரேசிலின் இன்டர்வாலஸ் வனப் பூங்காவில் இருக்கிறது. அதற்காக ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வருகிறார்கள். அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் ஒன்று வைக்கப்பட்டது. 2008இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அங்கேயும் ஒன்றை ஏற்படுத்திவிட்டு வந்தார். இந்த ஆசை செயற்கைக்கோளுக்கும் முந்தையது. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில், நடந்தே சென்றடைய வேண்டிய கிரான்மியர் குளத்தின் அருகே, 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு ஜாடியை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் அதில் தங்கள் பெயர்ச் சீட்டை இட்டுச் சென்றனர்.

எங்களுக்கு இந்த விவரங்களையெல்லாம் முதலில் சொன்னவர் சிங்கப்பூரில் வளர்ந்த எங்கள் தங்கையின் மகன். சாங்கியிலிருந்து படகேறி உபின் தீவுக்குப் போய், நாள் முழுதும் வெயிலில் அலைந்து, கட்டைவிரல் அளவுள்ள குப்பிகளைக் கண்டெடுத்து வருகிறவர். "அந்த டப்பாவில் என்னதான் இருக்கும்?" என்று கேட்டோம். "ஒண்ணுமில்ல மாமா, ஒரு துண்டுச் சீட்டு. ஆனா அது இருக்கிற இடம் வேற யாருக்கும் தெரியாத இடமா இருக்கும்" என்றார். அவருடைய கைப்பேசியில் இருந்த படங்கள் எவற்றிலும் டப்பா இல்லை. கைவிடப்பட்ட ஒரு கல்லுடைக்கும் குழி, அலையாத்தி வேர்கள், ஒரு கிழவரின் மிதிவண்டிக் கடை, மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு தகரக் கொட்டகை ஆகியவையே இருந்தன. டப்பா ஒரு சாக்கு என்பது அப்போது எங்களுக்குப் புரிந்தது. சாக்கு இல்லாவிட்டால் அந்த இடங்களில் எவரும் கால் வைத்திருக்கமாட்டார்கள்.

நம் ஃபிக்ஹு நூல்களிலும் இதைத் தொடும் ஒரு செய்தி உண்டு. பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகைக்கு, தூரம் மட்டும் போதாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கே போகிறோம் என்ற தீர்மானம் இன்றி மனம்போன போக்கில் அலைகிறவனை அவர்கள் 'ஹாயிம்' என்பர். எத்தனை நாள் நடந்தாலும் அவனுக்கு அச்சலுகை இல்லை. போய்ச் சேரும் இடம் தெரிந்திருக்க வேண்டும், போவதற்கு முறையான நோக்கம் இருக்க வேண்டும். டப்பா தேடிகளோ தாங்கள் போகும் இடத்தை, ஏறத்தாழ இரண்டு மீட்டர் துல்லியத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். இடத்தைப் பொறுத்தவரை அவர்களிடம் குறை காண முடியாது. நோக்கம் என்ன என்பதை அவரவர் நிய்யத்தே தீர்மானிக்கும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் நமக்கு அந்நியமானவையும் அல்ல. கஸ்னா நகரின் சரியான இடத்தைக் கணித்து, அங்கிருந்து கிப்லா எந்தத் திசை என்று அறிவதற்காகவே அல்பிரூனி 1025இல் ஒரு முழு நூலை எழுதினார். பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவரும் அவரே. இன்று நம் கைப்பேசி செயலி, மணலியிலிருந்து கிப்லா நேர் மேற்குக்கு ஏறக்குறைய 18 டிகிரி வடக்கே என்று நொடியில் காட்டுகிறது. டப்பா தேடுகிறவருக்கு வழிகாட்டும் அதே செயற்கைக்கோள்கள்தாம் நம் முஸல்லாவின் திசையையும் கணக்கிட உதவுகின்றன.

இவ்வளவும் கேட்ட எங்கள் மகனுக்கு ஆசை பிறந்தது. பதினாறு வயது. பக்கிங்காம் கால்வாயின் பாலத்தடியில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு, சிங்கப்பூர்ப் பிள்ளைகளையும் மணலிக்கு வரவழைக்கலாம் என்றான். நாங்கள் வேண்டாம் என்றோம்.

காரணங்கள் இவை. எங்கள் ஊர் 1960களிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும் இரசாயனமும் சேர்ந்து வளர்ந்த தொழிற்பகுதி. ஒரு பக்கம் கொள்கலன் லாரிகள் இடைவிடாமல் போகும் துறைமுகச் சாலை. மறுபக்கம் குழாய்த் தடங்களும் மதில்களும் காவலர்களும். இத்தகைய இடத்தில் பாலத்தின் அடியில் கைவிட்டுத் துழாவுகிற ஒரு பையனைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒருவர் டப்பாவை எடுத்து வைப்பதைக் கண்டவர்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க, இராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே அது செய்தித்தாளில் ஒரு வேடிக்கைச் செய்தியாக முடிந்தது. இங்கே, தொப்பியணிந்த ஒரு பையன் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே ஒரு மூடிய டப்பாவுடன் நின்றால் அது எப்படி முடியும் என்பதை இதைப் படிக்கும் பெற்றோருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருந்ததற்காக வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளே நம் நாட்டில் கைதாகியிருக்கிறார்கள். காவலர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய கடமை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அலைந்து திரியும் உரிமை ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பது உண்மை. கண்டம் தாண்டிப் போகிறவரின் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாலம் வரையுள்ள தூரத்தை அப்படிச் சொல்ல இயலாது.

மகன் கோபப்படவில்லை. "அத்தா, நம்ம ஊர்ல தேடறதுக்கு ஒண்ணும் இல்லையா, இல்ல தேடவே கூடாதா?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வி பல நாள்கள் வீட்டில் இருந்தது. தேடக் கூடாது என்று பழக்கிவிட்டால், தேட ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் தாமே முடிவு செய்துவிடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் இதே கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. அப்போது ஊரே முகத்துவாரத்தைப் பற்றிப் பேசியது. அதற்கு முன் எங்கள் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை நேரில் பார்த்திருந்தார்கள்? தான் பார்த்திராத ஓர் இடத்துக்காக எவனும் கவலைப்படமாட்டான்.

விடை அந்தப் பொழுதுபோக்கின் விதிகளிலேயே இருந்தது. பெட்டியே இல்லாத ஒரு வகை உண்டு. 'எர்த்கேச்' என்பது அதன் பெயர். குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள நிலத்தையோ பாறையையோ கூர்ந்து பார்த்து, கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். மறைப்பதும் இல்லை, துழாவுவதும் இல்லை. பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க நின்று செய்வது. அதைப் பார்த்து வீட்டிலேயே ஒன்றை ஏற்படுத்திக்கொண்டோம். மகனுக்கும் அவன் தங்கைக்கும் இரண்டு எண்களைக் கொடுத்தோம்: வடக்கு 13 டிகிரி 25 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 19 நிமிடம். மணலி ஏறக்குறைய 13 டிகிரி 10 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது 1.85 கி.மீ. வேறுபாடு 15 நிமிடம். ஆகவே, நேர்கோட்டில் வடக்கே 28 கி.மீ. என்று மகள்தான் முதலில் கணக்கிட்டாள். வரைபடத்தைப் பார்க்காமலே "பழவேற்காடு" என்றான் மகன்.

ஒரு ஞாயிறு காலை பொன்னேரி வழியாகப் போனோம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி அது. 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த கேள்வி ஒன்றே: "மின்சாரம் இல்லாத காலத்தில் இந்த ஊரில் தொழுகை நேரம் எப்படித் தெரிந்தது?" விசாரித்து விசாரித்து, அங்குள்ள பள்ளிவாசலின் பழைய சூரியக் கடிகாரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். சூரியக் கடிகாரத்தை அது நிற்கும் ஊரின் அட்சரேகைக்கு ஏற்பவே அமைக்க வேண்டும். பெயர்த்து வெகுதொலைவிலுள்ள வேறோர் ஊரில் வைத்தால் பிழையான நேரம் காட்டும். அந்த ஓர் இடத்துக்கென்றே செய்யப்பட்ட பொருள். பிள்ளைகள் கைப்பேசியில் நேரத்தைப் பார்ப்பதும் நிழலைப் பார்ப்பதுமாக நின்றார்கள். லுஹரை அங்கேயே ஜமாஅத்துடன் தொழுதோம். கஸ்ருக்கு உரிய தூரம் இல்லை. நான்கு ரக்அத்தும் முழுமையாகவே.

அடுத்தது 13 டிகிரி வடக்கும் 80 டிகிரி கிழக்கும் சந்திக்கும் புள்ளி. முழு டிகிரிகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் நேரில் போய்ப் படம் எடுக்கும் ஒரு திட்டத்தை 1996இல் அலெக்ஸ் ஜாரெட் என்ற அமெரிக்கர் தொடங்கினார். பாலைவனத்துக்கும் பனிக்காட்டுக்கும் இதற்காகப் போகிறார்கள். நமக்கு வாய்த்த புள்ளியோ ஸ்ரீபெரும்புதூருக்கு வடகிழக்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, மணலியிலிருந்து நேர்கோட்டில் 35 கி.மீ.க்குள் இருக்கிறது. அதற்கும் அடுத்தது பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கும் பெரும்பணியின் முதல் அடிக்கோட்டை அங்கிருந்துதான் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் கோட்டுக்கு 57 நாள்கள் ஆயின.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஆசை எழுந்தால் சில வார்த்தைகள். தனியார் நிலத்திலும் தடை செய்யப்பட்ட இடத்திலும் கால் வைக்காதீர்கள், கேட்டுக்கொண்டு போங்கள். தொழில்பகுதியில் எந்தப் பொருளையும் வைத்துவிட்டு வராதீர்கள். தொழுகை நேரத்தை முன்னிட்டுப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் கணக்கைப் போட்டவள் அவள்தான். செலவு குடும்பத்தின் ஹக்கைத் தொடும் அளவுக்குப் போனால் அங்கே நின்றுவிடுங்கள். அந்தப் பொழுதுபோக்கில் நம் வீடுகளுக்கும் பொருந்தும் ஒரு விதி உண்டு: தொலைவில் சுற்றுலா போன இடத்தில் டப்பாவை வைத்துவிட்டு மறந்துவிட அனுமதியில்லை, வைத்தவரே அவ்வப்போது போய்ப் பார்த்துப் பராமரிக்க வேண்டும். ஆகவே எவ்வளவு தூரம் போய்த் தேடினாலும், பொறுப்பேற்கும் இடம் அருகில்தான் இருக்க வேண்டும்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கான கேள்விகளை மகன் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான். ஆற்று நீர் எந்த மணிக்கு உள்வாங்குகிறது, எந்த மணிக்கு வெளியேறுகிறது, கரையில் எந்தெந்தப் பறவை நிற்கிறது, எண்ணெய்க் கறை எங்கெங்கே இன்னும் தெரிகிறது என்பன அவற்றுள் சில. கேள்விகள் முடிந்ததும் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரை, பெரியவர்கள் இருவர் துணையுடன், அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.