முருகைக்கல்லும் சீமெந்துக் கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கருங்கல் இல்லை. கீரிமலை கூடப் பெயரளவிலேயே மலை. நிலத்தடியில் விரிந்து கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அயலிலுள்ள நெடுந்தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கியே வேலிகள் எழுப்பினர். ஒல்லாந்தர் விரிவாக்கிய யாழ்ப்பாணக் கோட்டைக்கும் முருகைக்கல் பயன்பட்டது. அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்து பொருத்த வேண்டும். அச்சில் வார்த்த சீமெந்துக் கல்லுக்கு அந்தப் பொறுமை வேண்டியதில்லை.

சீமெந்தும் சுண்ணாம்புக்கல்லிற் பிறந்ததே; களிமண்ணோடு உயர்வெப்பத்தில் எரித்து அரைக்கப்படுவது. 1950இல் எழுந்த காங்கேசன்துறை ஆலை, 1990இல் ஓயும்வரை அதற்காகவே இக்கல்லை அகழ்ந்தது. ஆயின், வற்றாத ஆறொன்றில்லாத இந்நிலத்தின் மழைநீரைத் தேக்கி வைப்பனவும் இக்கல்லின் வெடிப்புகளும் பொந்துகளுமே. அளவின்றி ஆழ அகழ்ந்தால் உவர்நீர் புகுந்து அயற்கிணறுகள் கெடும். கல்லின் விலையைக் கணக்கிடுவோர் அக்கிணறுகளை எண்ணுவதில்லை.