ஸ்டீயரிங் அப்பா கையில்... ஜாப் கார்டு நம்ம கையில்!

உங்க வீட்ல லோடு வண்டி ஓடுதா ஃப்ரெண்ட்ஸ்? இல்லேன்னா மாமா வீட்ல, எதிர் வீட்ல? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்து ஆளுங்களா இருந்தா, வண்டி ஓட்டிப் பிழைக்கிற யாராவது ஒருத்தரையாவது கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் ஆரம்பிச்சது. அங்கே பட்டறையில கடைஞ்செடுக்கிற பார்ட்ஸ் தானா நடந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போயிடாது. யாராவது ஏத்திக்கிட்டுப் போகணும். அந்த 'யாராவது'ல எங்க அப்பாவும் ஒருத்தர்.

பல வருஷம் அடுத்தவங்க வண்டியை ஓட்டின மனுஷன், கடன் போட்டு சொந்தமா ஒரு மினி லாரி வாங்கினார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆவடியிலேர்ந்து பருத்திப்பட்டு வரைக்கும் எங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனப்போ அவர் முகத்தைப் பார்க்கணுமே! 'வாரன்டி 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது'ன்னு ஷோரூம்ல சொன்னதை வீட்ல பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

14,000 கிலோமீட்டர் தாண்டின சமயம், வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சது. திருப்பத்துல ஒடிச்சா, ஸ்டீயரிங் தானா நேருக்கு வரணும் இல்லையா... அது வரலை. கையால இழுத்து நேராக்கணும். கரையான்சாவடியில பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் டூ வீலரும் பின்னிக்கிட்டு நிக்கிற இடத்துல, லோடோட அப்படி ஒரு வண்டியை ஓட்டினா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க. 'யார் மேலயாவது ஏத்திடுவேனோன்னு பயமா இருக்கு பாப்பா'ன்னு ஒருநாள் ராத்திரி தோள்ல தைலம் தேய்ச்சுக்கிட்டே சொன்னார். வண்டி விஷயத்துல அப்பா வாயிலேர்ந்து 'பயம்'ங்கிற வார்த்தையை நான் கேட்டது அதான் முதல் தடவை.

எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம்னு கேக்காதீங்க. சண்டை முடிஞ்சு கை குலுக்கியாச்சு. தவிர, இது ஒரு கம்பெனியோட கதை இல்லை. எந்த ஷோரூமுக்குப் போனாலும் உங்களுக்கு உதவப் போற கதை.

ரவுண்டு 1: 'அலைன்மென்ட்தான் சார்!'

முதல் தடவை அப்பா தனியாத்தான் போனார். சர்வீஸ் அட்வைசர் வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு, 'வீல் அலைன்மென்ட் போயிருக்கும் சார்'னுட்டார். மாலையில வண்டி வந்துச்சு, கூடவே 1,200 ரூபாய்க்கு பில்லும் வந்துச்சு. 'அலைன்மென்ட், பேலன்ஸிங் எல்லாம் வாரன்டியில வராது சார்!' நாலே நாள்தான். மறுபடி இடது பக்கம் இழுப்பு.

அன்னிக்கு ராத்திரி அந்த ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். வாடிக்கையாளர் சொல்ற குறையை எழுதுற இடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? 'ஜெனரல் செக்கப், வீல் அலைன்மென்ட்.' அவ்வளவுதான். ஸ்டீயரிங்ங்கிற வார்த்தையே இல்லை! அப்பா அரை மணி நேரம் நின்னு சொன்ன எதுவும் பேப்பர்ல ஏறலை. அதாவது, பேப்பர்படி எங்க வண்டிக்கு நோயே கிடையாது.

இங்கேதான் பாஸ் விஷயமே இருக்கு. ஜாப் கார்டுங்கிறது ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு மாதிரி. 'இந்தக் குறையை இந்தத் தேதியில, இத்தனை கிலோமீட்டர்ல, வாரன்டிக்குள்ளயே சொல்லிட்டோம்'ங்கிறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. நாளைக்கு வாரன்டி முடிஞ்சு ஸ்டீயரிங் மொத்தமா கையை விரிச்சா, நம்ம வாய்ச்சொல்லை யாரும் கேக்க மாட்டாங்க. கார்டைத்தான் கேப்பாங்க.

ரவுண்டு 2: 'ஓவர்லோடு!'

அடுத்த தடவை காலேஜுக்கு லீவு போட்டுட்டு நானும் போனேன். கார்டுல எழுத வேண்டியதை நான் வாசிச்சேன்: 'வண்டி இடது பக்கம் இழுக்கிறது. திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. அலைன்மென்ட் செய்தும் குறை தீரவில்லை. இரண்டாவது முறையாக வருகிறோம்.' அட்வைசர் சிரிச்சார். 'இவ்வளவெல்லாம் சிஸ்டத்துல ஏறாது சிஸ்டர்.' 'பரவாயில்லை சார், கையால எழுதி, சீல் வெச்சுக் குடுங்க.' கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் எழுதினார்.

'புது வண்டியில ஸ்டீயரிங் குறையெல்லாம் எப்படி வரும்?'னு ஒரு கேள்வி வேற. ஏன் வராது? 2023 ஜூலையில மாருதி சுசுகி, எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகள்ல 87,599-ஐத் திரும்ப அழைச்சது எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஸ்டீயரிங் டை ராடுல குறை இருக்கலாம்னுதான். கம்பெனியே அறிவிச்சு, இலவசமா மாத்திக் குடுத்தது. புது வண்டியிலும் குறை வரும். அதுக்குத்தானே வாரன்டின்னு ஒண்ணே இருக்கு?

கடைசியா சூப்பர்வைசர் வந்து முன் டயரைத் தடவிப் பார்த்துட்டு தீர்ப்பு சொன்னார். 'டயர் தேஞ்சிருக்கு. ஓவர்லோடு அடிச்சிருக்கீங்க. வாரன்டி வராது.'

அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் எஸ்டேட்ல மெக்கானிக். அவர்கிட்ட போனோம். ஒரு போல்ட்டைக் கூடத் தொடலை. 'நான் கை வெச்சா, வெளியில பிரிச்சுட்டீங்க, வாரன்டி போச்சும்பான். பார்த்து மட்டும் சொல்றேன்'னு குனிஞ்சார். அஞ்சு நிமிஷத்துல எனக்கு ஒரு செமஸ்டர் பாடம் எடுத்துட்டார்!

'டயர் பேசும் பாப்பா. காத்து கம்மியா ஓட்டினாலோ, லோடு அதிகமா ஏத்தினாலோ ரெண்டு ஓரமும் தேயும். காத்து அதிகமா இருந்தா நடுவுல தேயும். சக்கரம் நிக்கிற கோணம் தப்பினா, ஒரு ஓரம் மட்டும் தேயும். இங்க பாரு... ஒரே ஓரம்!' அப்புறம் இன்னொரு டெஸ்ட் சொன்னார். முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் போடணும். இழுப்பு பக்கம் மாறினா, குத்தம் டயர்ல. மாறலைன்னா, குத்தம் வண்டியில. மாத்திப் போட்டோம். இழுப்பு மாறலை. அதே இடது பக்கம்தான்.

ஓவர்லோடு பழிக்கு பதில் அப்பாவோட டேஷ்போர்டுலயே இருந்துச்சு. எடைமேடைச் சீட்டு, டெலிவரி சலான் எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடை கவர்ல திணிச்சு வெச்சிருப்பார். தேதிவாரியா அடுக்கினேன். ஆர்.சி.யில வண்டியோட மொத்த எடை, காலி எடை ரெண்டும் இருக்கும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சா, எவ்வளவு ஏத்தலாம்னு வந்துடும். இன்ஜினீயரிங் எல்லாம் வேணாம், அஞ்சாங்கிளாஸ் கழித்தல் கணக்கு போதும். ஒரு சீட்டு கூட அளவைத் தாண்டலை.

ரவுண்டு 3: 'இது கமர்ஷியல் வண்டி!'

இந்தத் தடவை மேனேஜர் ரூம். சீட்டையெல்லாம் மேஜையில பரப்பினதும் ஓவர்லோடு பேச்சு நின்னு போச்சு. ஆனா அடுத்த குண்டு விழுந்துச்சு. 'எங்க வேணா போங்கம்மா. இது மஞ்சள் போர்டு வண்டி. கமர்ஷியல். நுகர்வோர் கோர்ட்டுல கேஸே எடுக்க மாட்டாங்க.' அப்பா எழுந்துட்டார். 'வா பாப்பா, போலாம். நம்மளால ஆகாது.'

மேனேஜர் சொன்னது பாதி உண்மை. வியாபார நோக்கத்துக்காக வாங்கின பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. ஆனா அந்தச் சட்டத்திலேயே கீழே ஒரு விளக்கம் இருக்கு. சுயதொழில் செஞ்சு, தன் பிழைப்புக்காகவே ஒருத்தர் பொருளை வாங்கிப் பயன்படுத்தினா, அது வியாபார நோக்கம் ஆகாது!

இந்த விளக்கத்தைச் சுப்ரீம் கோர்ட் பிரிச்சுப் பேசின கேஸ்ல ஒரு பக்கம் நம்ம ஊர் பேர்தான். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், மகாராஷ்டிராவுல இருந்த லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸுக்கு ஒரு மெஷின் வித்தது. அது லேட்டா வந்துச்சு, குறையோட வந்துச்சுன்னு கேஸ். 1995-ல தீர்ப்பு. வாங்கின கம்பெனி தோத்துடுச்சு, அது நுகர்வோர் இல்லைன்னுட்டாங்க. ஆனா, அப்போ யார்தான் நுகர்வோர்னு சொல்றதுக்கு கோர்ட் குடுத்த உதாரணங்களைக் கேளுங்க: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கினவர். தானே ஓட்ட லாரி வாங்கினவர். உதவிக்கு ஒண்ணு ரெண்டு ஆள் வெச்சுக்கிட்டாலும் அவர் நுகர்வோர்தான். வண்டியை வாங்கி முழுக்க அடுத்தவர் ஓட்ட விட்டாதான் கணக்கு மாறும். அதே விளக்கம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் இருக்கு.

மஞ்சள் போர்டு முக்கியமில்லை ஃப்ரெண்ட்ஸ். ஸ்டீயரிங்கை யார் பிடிக்கிறாங்கங்கிறதுதான் முக்கியம்!

ஒரே ஒரு பக்கம்

வக்கீல் வெக்கலை. ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதினேன். வண்டி எது, எந்தெந்தத் தேதியில எத்தனை கிலோமீட்டர்ல வந்தோம், என்ன குறை, என்ன பதில் சொன்னாங்க, என்ன செய்யணும். திட்டு ஒண்ணு கிடையாது. 'அநியாயம்', 'மோசடி' மாதிரி வார்த்தை ஒண்ணு கிடையாது. கூடவே மூணு ஜாப் கார்டு காப்பி, எடைமேடைச் சீட்டு, டயர் போட்டோ, ஸ்டீயரிங் நேராகாம நிக்கிற 20 செகண்ட் வீடியோ. கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில், ஷோரூம் மேனேஜருக்கு ஒரு காப்பி, ரெண்டு பேருக்கும் ஸ்பீடு போஸ்ட்.

புது வண்டி குடுன்னு கேக்கலை. 2006-ல மாருதி கார் ஒண்ணோட கிளட்ச் பத்தின கேஸ்ல, வாரன்டின்னா குறையுள்ள பார்ட்டை மாத்தித் தரணும், அதுக்காக முழு வண்டியையே மாத்தணும்னு இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால கேட்டது ரெண்டே ரெண்டு. கம்பெனி இன்ஜினீயர் நேர்ல வந்து ஸ்டீயரிங்கைச் சோதிக்கணும். குறை இருந்தா வாரன்டியில சரி செஞ்சு தரணும். 15 நாள் டைம்.

ஒன்பதாவது நாள் போன். 'சார், வண்டியை எடுத்துட்டு வாங்க. கம்பெனியிலேர்ந்து ஆள் வர்றார்.'

வந்தவர் வாயே திறக்கலை. அப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு நசரத்பேட்டை வரைக்கும் ஓட்டிட்டு வந்தார். முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஸ்டீயரிங் ராடுகளைக் கழட்டிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால திருப்பினார். வலது சக்கரம் வெண்ணெய் மாதிரி திரும்பிச்சு. இடது, பாதியில சிக்கி நின்னுச்சு. கிங் பின்னுன்னு ஒண்ணு உண்டு. முன் சக்கரம் இடம் வலம் திரும்புறதுக்கு அச்சா நிக்கிற தடி. அதோட பேரிங், வண்டி செய்யும்போதே சரியா உக்காரலை. ரெண்டு நாள்ல மாத்தினாங்க. பில்: பூஜ்யம். முதல்ல வாங்கின 1,200 ரூபாயும் திரும்பி வந்துச்சு.

எல்லாமே கிடைச்சுடலை. தேஞ்ச டயருக்குக் காசு வரலை. வண்டி நின்ன நாளுக்கான வருமானமும் வரலை. இ.எம்.ஐ. மட்டும் கரெக்டா அதே தேதியில வந்துச்சு! ஆனா அன்னிக்கு வீடு திரும்பும்போது, சென்னீர்குப்பம் திருப்பத்துல அப்பா ஸ்டீயரிங்கை லேசா தளர்த்தினார். அது தானா நேருக்கு வந்துச்சு. 'பாத்தியா...'ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒருவேளை அந்த போன் வராம இருந்திருந்தா? அடுத்த படிக்கும் ரெடியாத்தான் இருந்தோம். 1915-க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழ்லயே பேசலாம், இலவசம். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற இடத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். 2025-ல தொடங்கின இ-ஜாக்ரிதி தளத்துல வீட்லேர்ந்தே பதிவு பண்ணலாம். குடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்லை, 5-லேர்ந்து 10 லட்சம்னா 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிஞ்ச 2 வருஷத்துக்குள்ள போடணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

நம்ம ஏரியாவுல நிறைய வீட்ல காலேஜ் வாசலை முதல்ல மிதிச்ச ஆள் நாமதான். அப்பாக்களுக்கு வண்டியோட ஒவ்வொரு சத்தமும் தெரியும். எதிராளி பேப்பரை நீட்டும்போதுதான் பேச்சு வராம நின்னுடறாங்க. அந்த இடத்துல பக்கத்துல போய் நிக்கிறதுக்குத்தான் நம்மளைப் படிக்க வெச்சாங்களோன்னு எனக்கு இப்போ தோணுது. லோடு வண்டியோ, ஃப்ரிட்ஜோ, தையல் மெஷினோ... இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அந்த வாரன்டி புக்கைத் தேடி எடுங்க. ஒரு தடவை முழுசா படிங்க. அரியர்ஸ் வைக்கக் கூடாத பேப்பர் அது!