ஐந்து நிமிடமும் ஐந்தரை மணித்தியாலமும்

பழைய வீடியோக் கசற்றுகளைக் கணினியில் சுருக்கி எடுப்பதற்கு எந்தக் கணினி விரைவானது என்று எங்கள் வீட்டில் ஒரு போட்டி நடந்தது. போட்டியாளர் மூவர். பேஸ்மெண்டில் தூசி பிடித்துக் கிடந்த 2004ஆம் ஆண்டுப் பென்ரியம் 4, என்னுடைய எட்டுக் கோர் ரைசன், பெறாமகனின் இன்ரெல் மடிக்கணினி.

கசற் அக்காவின் கலியாணவீடு. 1986, உரும்பிராய். 1995 ஒக்ரோபர் 30 இரவு சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது மற்றக் கொப்பிகள் வீட்டோடு போய்விட்டன. மாமா முன்னமே கொழும்புக்குக் கொண்டுபோன இந்த ஒன்றுதான் மிச்சம். அத்தானும் இப்போது இல்லை. ஸ்காபரோவில் இருக்கும் அக்கா கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்து, "எப்ப தம்பி அனுப்புவாய்?" என்கிறா.

இலங்கைக் கசற் 'பால்' முறை, வினாடிக்கு 25 பிரேம். அமெரிக்காவில் இருந்தது 'என்ரிஎஸ்சி', ஏறக்குறைய 30. இங்கத்தைய சாதாரண டெக்கில் ஓடாது. இரண்டு முறையும் ஓடும் டெக் ஒன்று தேடிப் பிடித்தேன். இரண்டு மணித்தியாலக் கசற்றில் 1,80,000 பிரேம்கள். பென்ரியம் வினாடிக்கு ஒன்பது பிரேம்தான் செய்தது, ஐந்தரை மணித்தியாலம் போனது. ரைசன் வினாடிக்கு இருநூறு, கால் மணித்தியாலம். மடிக்கணினி அறுநூறு!

"சித்தப்பா, ஐஞ்சு நிமிசத்தில முடிஞ்சுது" என்றான் பெறாமகன்.

அது கெட்டித்தனம் என்பதைவிடக் குறுக்குவழி. 2011இலிருந்து இன்ரெல் சில்லுகளில் 'குவிக் சிங்க்' என்று வீடியோவுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. மற்ற இரண்டிலும் ஓடிய எக்ஸ்264 மென்பொருள், இந்தப் பிரேமின் துண்டு முந்தைய பிரேம்களில் எங்கே இருந்தது என்று ஆற அமரத் தேடும். தனிப் பகுதி கொஞ்சம் தேடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மூன்று கோப்புகளும் ஒரே பருமன்தான். மணவறைப் பக்கம் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பின்வரிசையில், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் எட்டாத இடத்தில் அம்மா நிற்கிறா, நாலு வினாடி. இருட்டில் எடுத்த படத்தில் புள்ளிப்புள்ளியாய் இரைச்சல். அது பிரேமுக்குப் பிரேம் மாறும், முந்தியதில் தேடினாலும் கிடைக்காது. மடிக்கணினியின் கோப்பில் அம்மாவின் முகம் சதுரம் சதுரமாகக் கரைந்திருந்தது. ரைசனில் மூக்குத்தி தெரிந்தது.

இப்படிப் படத்தைச் சதுரங்களாக வெட்டி, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கழிக்கும் வித்தைக்கு அடிப்படை, 1974 ஜனவரியில் ஐஇஇஇ சஞ்சிகை ஒன்றில் வந்த சிறு கட்டுரை. எழுதியவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமத், அவருடைய மாணவர் நடராஜன், கே. ஆர். ராவ். ராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்து, டெக்சாசின் ஆர்லிங்டனில் கற்பித்தவர். ஐஇஇஇயின் பெரிய அலுவலகம் எங்கள் பிஸ்கட்டவேயில், ஹோஸ் லேனில்தான் இருக்கிறது.

எந்தக் கணினி வாங்கினாலும் ஒன்றை மட்டும் விரைவாக்க முடியாது. கசற் டெக்கில் ஓடித்தான் கணினிக்குள் ஏறவேண்டும். இரண்டு மணித்தியாலம் என்றால் இரண்டு மணித்தியாலம்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் நாடா தேயும். அதனால் ஒரே தரம் ஓட்டி, ஏறிய 26 கிகாபைட் கோப்பைச் சுருக்காமல் அப்படியே இரண்டு தட்டுகளில் வைத்திருக்கிறேன். சுருக்குவதைப் பிறகு எத்தனை தரமும் செய்யலாம்.

அக்காவுக்கு ரைசன் கொப்பி போய்விட்டது. மாமாவின் கசற் இன்னும் இரண்டு கிடக்கிறது. டெக்கின் றப்பர் வார் தளர்ந்துவிட்டது. முதலில் அதற்கு ஒன்று தேடவேண்டும்.